வெட்டியும் அழியாத காடு

தைப்பிங்கிற்கு மேற்கே கோல செபெத்தாங் என்னும் கடலோர ஊர் உள்ளது. போர்ட் வெல்ட் என்பது அதன் பழம்பெயர். மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கையும் இவ்வூரையும் இணைத்தது. இங்குள்ள சதுப்புநிலக் காட்டைக் காண, பாரிட் புந்தாரிலிருந்து என் மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன்.

ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரந்த மாத்தாங் காட்டின் சிறு பகுதியே நாங்கள் கண்டது. ஈயச் சுரங்கங்களும் புகைவண்டிகளும் விறகை நாடிய காலத்தில், 1902 முதல் இது காப்புக்காடாக்கப்பட்டது. காட்டைக் கூறுகளாகப் பிரித்தனர். ஒரு கூற்றை வெட்டினால், மீண்டும் அங்கே கோடரி விழ ஏறத்தாழ 30 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். கன்று தானே முளையாத இடத்தில் நட்டு வளர்த்தனர். நூறாண்டு கடந்தும் கரிச்சூளைகள் புகைகின்றன, காடும் நிற்கிறது.

இத்தகைய சதுப்பில் வளர்வதே தில்லை மரம். அது பெயர் தந்த சிதம்பர நகரில் இன்று அம்மரம் இல்லை. அருகே பிச்சாவரத்தில்தான் காணலாம். மரம் மறைய, பெயர் மட்டும் எஞ்சியது.

“ஐயா, கன்றை நட்டவரே இதை வெட்டுவாரா?” என வினவினாள் ஒரு மாணவி.

“அவர் பிள்ளை வெட்டுவார், அம்மா” என்றேன். ஆசிரியர் பணியும் அத்தகைய நடவே அன்றோ?