ஆறு பேருக்கு எதிரே ஒருவர்: ஒரு நிழற்படமும் அதன் மறுபக்கமும்

உதைபந்தாட்ட உலகில் சில நிழற்படங்கள் ஆட்டத்தின் முடிவைக் காட்டிலும் நீண்ட காலம் வாழ்கின்றன. 1970 ஜூன் 7 ஆம் திகதி மெக்சிக்கோவின் குவாதலஹாராவில் பிரேசிலும் இங்கிலாந்தும் மோதிய ஆட்டம் முடிந்ததும், பெலேயும் பொபி மூரும் மேலாடையின்றி, ஜேர்சிகளை மாற்றிக்கொண்டு சிரித்தபடி நின்ற காட்சியை ஜோன் வார்லி படம் பிடித்தார். அதற்கு எவரும் விளக்கம் எழுதவேண்டியதில்லை. வென்றவர் எவர், தோற்றவர் எவர் என்பதை அந்தப் படத்தைப் பார்த்து அறியவும் முடியாது.

விளக்கம் தேவைப்படும் படங்களில்தான் சிக்கல் ஆரம்பிக்கின்றது. அவற்றுள் முதன்மையானது, ஸ்டீவ் பவல் என்ற பிரித்தானியப் படப்பிடிப்பாளர் 1982 ஜூன் 13 ஆம் திகதி பார்சிலோனாவில் எடுத்தது. 10 ஆம் இலக்க ஜேர்சி அணிந்த மரடோனா நமக்கு முதுகைக் காட்டியபடி, இடது காலில் பந்துடன் நிற்கின்றார். எதிரே பெல்ஜியம் அணி வீரர்கள் அறுவர். அவர்களது முகங்களில் திகைப்பும் கலக்கமும். ஒற்றை மனிதருக்கு அஞ்சி ஓர் அணியே ஒடுங்கி நிற்பதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். பல ஆண்டுகளாக அப்படியே விளங்கிக்கொள்ளப்பட்டும் வந்தது.

நடந்ததோ வேறு. ஆர்ஜென்டீனாவுக்கு ஒரு ப்ரீ கிக் கிடைத்திருந்தது. அதைத் தடுக்க பெல்ஜியம் வீரர்கள் வழமைபோலச் சுவராக அணிவகுத்திருந்தனர். ஆர்டிலஸ் பந்தைக் கோலை நோக்கி உதைக்காமல் அருகில் நின்ற மரடோனாவுக்குத் தட்டிவிட்டார். சுவர் கலைந்தது. அது கலைந்த கணத்தில் கமராவின் கண் மூடித் திறந்தது, அவ்வளவே. படத்தில் எவரும் எதனையும் திருத்தவில்லை. ஒரு புள்ளிகூடப் பொய்யில்லை. எனினும் அது சொல்லும் கதை மெய்யன்று. பத்திரிகை ஆசிரியர் பீடத்தில் படங்களைத் தெரிவு செய்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. படத்தை வெட்டாமலே உண்மையை வெட்டிவிட முடியும்.

அன்றைய ஆட்டத்தில் வென்றதும் பெல்ஜியமே. வாண்டென்பெர்க் அடித்த ஒரே கோலினால் நடப்புச் சம்பியனான ஆர்ஜென்டீனா முதலாவது ஆட்டத்திலேயே வீழ்ந்தது. மறுநாள், ஜூன் 14 ஆம் திகதி, போக்லாந்துத் தீவுகளில் ஆர்ஜென்டீனப் படைகள் பிரித்தானியாவிடம் சரணடைந்தன. 21 வயது மரடோனா அச்சுற்றில் இரண்டு கோல்களை மாத்திரமே பெற்று, பிரேசிலுடனான இறுதி ஆட்டத்தில் எதிரணி வீரரை உதைத்து வெளியேற்றப்பட்டார். அந்தப் படத்தின் வீரம் 1982 இற்கு உரியதன்று. நான்கு ஆண்டுகளின் பின்னர் அவர் செய்து காட்டியதை அறிந்தவர்கள், திரும்பிப் பார்த்து அதனுள் ஏற்றி வைத்தது என்பதே எனது எண்ணம்.

அந்த நான்கு ஆண்டுகளின் பின்னர் வந்தது இதற்கு நேர் எதிரான படம். 1986 ஜூன் 22 ஆம் திகதி, மெக்சிக்கோ நகரின் அஸ்டெகா மைதானம். இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹொட்ஜ் பின்னோக்கி உயர்த்திவிட்ட பந்தை நோக்கி மரடோனாவும் கோல் காப்பாளர் ஷில்டனும் எழும்பினர். ஷில்டன் அரை அடிக்கும் மேலாக உயரம் கூடியவர். கைகளைப் பயன்படுத்த உரிமையும் உள்ளவர். பந்து வலைக்குள் சென்றது. துனீசிய மத்தியஸ்தர் அலி பின் நாசர் கோல் என அறிவித்தார். மெக்சிக்கோவின் அலெஹாந்திரோ ஒஹேடா கார்பஹால் எடுத்த படத்திலோ, மரடோனாவின் இடது முட்டி பந்தைத் தொடுவது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றது.

படம் உண்மையைச் சொன்னது. ஆனால் அந்த உண்மைக்கு எந்தப் பயனும் இருக்கவில்லை. கோல் கோலாகவே நிலைத்தது; ஆர்ஜென்டீனா 2-1 என வென்று, பின்னர் கிண்ணத்தையும் கைப்பற்றியது. கொஞ்சம் தனது தலையாலும் கொஞ்சம் கடவுளின் கையாலும் வந்த கோல் என மரடோனா அன்றே சாதுரியமாகச் சொல்லிவைத்தார். தனது கைதான் என்று 2005 இல் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார். காணொளி உதவியுடன் தீர்ப்பளிக்கும் முறை உலகக் கிண்ணத்துக்கு வந்தது 2018 இல்தான்.

முட்டியால் கோல் போட்டு நான்கு நிமிடங்களில், தனது அணியின் பாதி மைதானத்திலிருந்து பந்தைக் கொண்டுசென்று அவர் பெற்ற இரண்டாவது கோலே நூற்றாண்டின் சிறந்த கோலாக 2002 இல் பீபா நடத்திய வாக்கெடுப்பில் தெரிவானது. இங்கிலாந்து வீரர்களை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து சென்ற ஓட்டம் அது. பவலின் படம் சொல்ல விரும்பிய கதை மெய்யாகவே நடந்தது அன்றுதான். ஆயினும் அந்த ஓட்டத்தை ஒரே நிழற்படத்துக்குள் அடக்க இயலாது. அதனாற் போலும், இன்றும் சுவர்களில் தொங்குவது பெல்ஜியம் வீரர்கள் அறுவருடன் அவர் நிற்கும் படமே.

ஆட்டம் முடிந்ததும் மரடோனா தனது ஜேர்சியை மாற்றிக்கொண்டது, முதற் கோலுக்கு அறியாமற் பந்தை உயர்த்திக் கொடுத்த அதே ஹொட்ஜுடன்தான். 2022 மே மாதம் அந்த ஜேர்சி 71 இலட்சம் பவுணுக்கு ஏலம் போயிற்று.