ஏட்டில் ஏறிய அடுக்களை

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மைசூர்ப் பகுதியின் கல்லஹள்ளியை ஆண்ட சமணக் கவிஞர் மூன்றாம் மங்கரசர், 'சூபசாஸ்திரம்' என்னும் பாகநூலைக் கன்னடச் செய்யுளில் இயற்றினார். அதில் புலாலுக்கு இடமில்லை. கத்தரி, பலா, வாழை முதலியவற்றின் பக்குவங்கள் விரிவாகக் கூறப்படுகின்றன. சுவையைத் துறக்காமலே கொல்லாமையைக் காக்கலாம் என்பதற்கு அந்நூல் சான்று.

1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்', அடுப்படி அறியாதோர்க்கும் விளங்குமாறு சைவ உணவின் அளவையும் செய்முறையையும் தமிழில் வகுத்துரைத்தது. எனினும் இரு நூல்களிலும் பாலுக்கும் நெய்க்கும் இடமுண்டு.

1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தபின், வீட்டைப் பிரிந்து வந்து தாமே சமைத்துண்ணும் இளைஞர் பெருகினர். அவர்களுள் பாலையும் தவிர்க்க விரும்புவோர்க்கு இம்மண்ணின் பருவங்களே துணை. மார்கழி, தை மாதங்களில் கேழ்வரகுக் களியும் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பும். கோடையில் கிருஷ்ணகிரி மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி. களியும் குழம்பும் எல்லையின் இருபுறத்தார்க்கும் பொது. இவற்றின் பக்குவம் பெரும்பாலும் மூத்த பெண்டிரின் கையளவிலேயே நிற்கிறது; எழுதப்படாவிடில் அவர்களோடு மறையும். மங்கரசர் தம் காலத்து அடுக்களைக்குச் செய்த பணி, இவ்வெல்லை மண்ணுக்கு இன்னும் எஞ்சியிருக்கிறது.