தி கிராஸ்ஓவர்

அமெரிக்கக் கவிஞர் குவாமே அலெக்சாண்டர் இளையோருக்காக எழுதிய கூடைப்பந்து நாவல். 2014இல் வெளிவந்தது, 2015ஆம் ஆண்டின் நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. முழுக்கதையும் கவிதையில் சொல்லப்படுகிறது. ஆட்டத்தைப் போலவே பயிற்சி, நான்கு கால்பகுதிகள், கூடுதல் நேரம் என நூல் பிரிக்கப்பட்டுள்ளது. பந்து தரையில் மோதும் வேகம் சொற்களின் அடுக்கிலேயே கேட்கும். சில பக்கங்களில் எழுத்துகள் சரிந்தும் பெருத்தும் ஓடுகின்றன. வாசிப்பில் நாட்டமில்லாத சிறுவர்களையும் இழுத்துப் பிடிப்பது இந்த வடிவம்தான்.

இரட்டையர்கள் ஜோஷ், ஜோர்டன் பெல் இருவரும் பள்ளி அணி வீரர்கள். கதையைச் சொல்பவன் ஜோஷ். பந்தயத்தில் தோற்றதற்காகத் தன் சடைமுடியை ஜோர்டன் கத்தரிப்பதையும், ஜோர்டனுக்குக் காதலி வந்தபின் தான் தனித்துப்போவதையும் அவனால் தாங்க முடியவில்லை. ஆத்திரத்தில் ஜோர்டனின் முகத்திலேயே பந்தை எறிகிறான். ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடிய தந்தை சக், இரத்தக்கொதிப்பு இருந்தும் மருத்துவரிடம் போக மறுக்கிறார். அவருடைய மரணத்தை அலெக்சாண்டர் மழுப்பாமல் எழுதியிருக்கிறார். விளையாட்டுக் கதைகளில் இது அரிய துணிவு. சக்கின் சிறுவயதைச் சொல்லும் முன்கதை ‘ரீபவுண்ட்’ 2018இல் வந்தது.