கணக்குப்பிள்ளையும் கம்ப்யூட்டரும்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்துக் கிராமங்களில் நிலக்கணக்கைக் குடியானவர் நேரே புரட்டுவதில்லை; கணக்குப்பிள்ளையிடம்தான் கேட்பார். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். உள்ளே ஆள் மாறினாலும், சிட்டா, அடங்கல் என்று கேட்பது மாறவில்லை.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவோரிடமும் இதே ஏற்பாடு உண்டு. ஒரு 'கிளாஸ்' வைத்திருக்கும் விவரத்தை வெளியார் நேரே தொடக்கூடாது. 'பிராப்பர்ட்டி' என்ற வாசல் வழியாகவே படிக்கலாம், மாற்றலாம். மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழியில் முதலில் ஒவ்வொரு வாசலையும் விரிவாக எழுத வேண்டியிருந்தது. 2007-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு வரி போதும். மீதியைக் கம்பைலரே பார்த்துக்கொள்ளும்.

சோதனை எதுவும் செய்யாத வாசல் எதற்கு என்று கேட்கலாம். நாளை ஒரு விதி வந்தால் அந்த வாசலில் சேர்த்தால் போதும். கேட்டு வருபவர் தம் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. 1980-ல் நம் கிராமங்கள் கண்டதும் அதுதானே!