நீதிமன்றத்தில் மரியாதைச் சொற்கள்

காடாம்புலியூர் வட்டாரத்தில் முந்திரித் தோப்பின் எல்லை, வாய்க்கால் வரப்பு என்று வழக்கு ஏதேனும் மூண்டால், குடியானவர்கள் பண்ணுருட்டிக்கோ கடலூருக்கோ செல்வது நெடுநாளைய வழக்கம். சாட்சிக் கூண்டில் ஏறியதும் நீதிபதியை எவ்வாறு விளிப்பது என்பதே அவர்களுக்கு முதற் கலக்கம். "எசமான்" என்பார் ஒருவர்; "சாமி" என்பார் இன்னொருவர். அருகில் நிற்கும் வக்கீலோ "யுவர் ஆனர்" என்று தொடங்குவார். இச்சொற்கள் யாரால், யாருக்காக ஏற்பட்டவை என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

'வக்கீல்' என்பது அரபுச் சொல். பிறர் சார்பில் நிற்பவன் என்பது அதன் பொருள். பாரசீகம் ஆட்சிமொழியாயிருந்த காலத்தில் அது நம் நாட்டில் வேரூன்றியது. 1801-இல் சென்னையில் சுப்ரீம் கோர்ட் நிறுவப்பட்டபோது, அங்கே சீமையிலிருந்து வந்த பாரிஸ்டர்கள் வாதாடினர். கம்பெனியாரின் சதர் அதாலத்திலும் ஜில்லாக் கோர்ட்டுகளிலும் நம்மவராகிய வக்கீல்கள் வாதாடினர். 1862-இல் இருவகை மன்றங்களும் ஒன்றுபட்டு ஹைகோர்ட் தோன்றியது. மன்றங்கள் ஒன்றாயினவேயன்றி, வாதாடுவோர் ஒன்றாகவில்லை. அந்த வேற்றுமை அவர்கள் பெயர்களிலேயே விளங்கிற்று.

பாரிஸ்டரின் பெயருக்குப் பின்னால் 'எஸ்கொயர்' என்று எழுதுவர். வக்கீலின் பெயருக்கு முன்னால் 'ம-ள-ள-ஸ்ரீ' என்பதுபோல் தோன்றும் ஒரு சுருக்கம் நிற்கும். பின்னால் 'அவர்கள்' வரும். தெலுங்கராயின் 'காரு' வரும். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரம் ஏதேனும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இச்சுருக்கம் கண்ணிற் படக்கூடும். அதனை 'மகாராஜராஜஸ்ரீ' என்று விரித்துப் படிக்க வேண்டும். ஆங்கிலத்திலும் எம்.ஆர்.ஆர்.ஒய். என்று சுருக்கி, அரசாங்கப் பட்டியல்களில் அச்சிட்டு வந்தனர். ஆளும் உரிமை அனைத்தையும் தம் கையில் வைத்துக்கொண்ட அரசினர், ஆளப்படுவோர் பெயருக்கு முன்னே இரண்டு ராஜாக்களைத் தாராளமாகச் சூட்டினார்கள்! சென்னை ஹைகோர்ட்டின் ஒரிஜினல் பிரிவிலோ, நெடுங்காலம் பாரிஸ்டர்களுக்கே முதலிடம். பட்டம் பெரிது, உரிமை சிறிது என்பதே அன்றைய நிலை என்று எனக்குத் தோன்றுகிறது.

1926-ஆம் ஆண்டின் பார் கவுன்சில் சட்டமும், 1961-ஆம் ஆண்டின் அட்வகேட் சட்டமும் வந்த பின்னரே வக்கீல், பிளீடர், பாரிஸ்டர் என்னும் பிரிவுகள் மறையலாயின. ராவ் பகதூர், திவான் பகதூர் ஆகிய பட்டங்களைப் பெற்றிருந்த வக்கீல்கள் பலர். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு, அரசு அத்தகைய பட்டங்களை வழங்குவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. மகாராஜராஜஸ்ரீ தேய்ந்து 'ஸ்ரீ' ஆயிற்று; 1967-இல் அரசாங்கத்தார் அதனையும் நீக்கித் 'திரு' என்று வழங்கத் தலைப்பட்டனர்.

ஆனால் நீதிபதியை விளிக்கும் 'மை லார்ட்' மட்டும் எளிதில் அசையவில்லை. 'என் பிரபுவே' என்பது அதன் பொருள். நம் ஹைகோர்ட் நீதிபதிகளோ பிரபுக்கள் அல்லர். தேர்ந்த சட்ட அறிஞர்கள். 1959-இல் அன்னா சாண்டி அம்மையார் கேரள ஹைகோர்ட்டின் நீதிபதியானார். ஆண்பாற் சொல்லையே மரபாகக் கொண்டிருந்த மன்றங்களில் பெண்கள் நீதிபதிகளாக அமர்ந்த பின், அச்சொல்லின் பொருந்தாமை மேலும் வெளிப்பட்டது.

2006-இல் இந்தியப் பார் கவுன்சில் ஒரு விதி வகுத்தது. 'மை லார்ட்' என்பது அயலார் ஆட்சியின் எச்சம் என்று அது குறிப்பிட்டது. உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் 'யுவர் ஆனர்' என்றோ 'மாண்பமை நீதிமன்றம்' என்று பொருள்படும் தொடராலோ விளிக்கலாம். கீழ் நீதிமன்றங்களில் 'சார்' என்றோ, அதற்கு நிகரான வட்டார மொழிச் சொல்லாலோ விளிக்கலாம். 2009-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு, தம்மை 'மை லார்ட்' என்று அழைக்க வேண்டாமென வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டார். அச்சொல்லை விலக்க ஆணையிட வேண்டுமென்று ஒருவர் உச்ச நீதிமன்றத்தை நாடியபோது, 2014-இல் அம்மன்றம் அவ்வாறு ஆணையிட மறுத்தது. மரியாதையாக அழைத்தாற் போதும், இன்ன சொல்லென்று கட்டாயமில்லை என்று கூறியது. விந்தை என்னவெனில், 2021-இல் ஒரு சட்ட மாணவர் 'யுவர் ஆனர்' என்று விளித்தபோது, அது அமெரிக்க நீதிமன்றத்துக்கு உரியதன்றோ என்று தலைமை நீதிபதியே தடுத்துக் கேட்டார். பெரிய மன்றங்களில் பழைய சொல் இன்னும் ஒலிக்கத்தான் செய்கிறது.

நம் கடலூர்ப் பக்கத்துக் கீழ் நீதிமன்றங்களுக்கு அவ்விதியின் கடைசிப் பகுதியே பொருந்தும். 'சார்' என்பதற்கு நிகரான வட்டாரச் சொல் எது என்று தேட வேண்டியதில்லை. காடாம்புலியூர்க் குடியானவர் தம் ஊர்ப் பெரியவரை 'ஐயா' என்றும், மூதாட்டியை 'அம்மா' என்றும் நாள்தோறும் அழைக்கிறார். அதே சொற்களை அவருடைய வழக்கறிஞரும் நீதிபதியின் முன் நின்று சொல்லலாம்; விதி அதற்கு இடந்தருகிறது.