ஃபஸி அனுமானத்தில் ஒப்புமை அளவை

தக்காளி சிவந்திருந்தால் அது பழுத்தது என்னும் விதியை வைத்துக்கொண்டு, அரைச் சிவப்பான காயைக் கையிலெடுத்து நிற்பவன் என்ன முடிவு சொல்வான்? விதி கூறும் நிபந்தனையும் கண்முன் நிற்கும் செய்தியும் எத்துணை நெருங்கியவை என்பதைச் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் உரைப்பதே ஒப்புமை அளவை.

இதன் மூதாதை தர்க்க சாஸ்திரத்திலன்றித் தாவர சாஸ்திரத்தில் பிறந்தது. ஆல்ப்ஸ் மலைத் தாவரங்களை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து அறிஞர் பால் ஜக்கார், 1901இல், ஈரிடத்துக்கும் பொதுவான இனங்களின் தொகையை ஈரிடத்தும் சேர்ந்துள்ள இனங்களின் தொகையால் வகுத்து ஒப்புமை கண்டார். ஒரு பொருள் கணத்தில் எத்துணை அடங்கும் என்பதைச் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட அங்கத்துவ அளவால் குறிக்கும் ஃபஸி கணங்களை, பெர்க்கிலியிலிருந்த லாட்ஃபி ஸாடே 1965இல் அறிமுகம் செய்தபின், அவ்வகுத்தல் அவ்வளவுகளுக்கும் பொருந்தலாயிற்று. 36, 38, 40 பாகை வெப்பத்துக்கு ஒரு கணம் 0.4, 0.8, 1 என்றும், மற்றொன்று 0.6, 1, 0.8 என்றும் அளவு தருமாயின், இணைதோறும் சிறியவற்றின் கூட்டுத்தொகை 2; பெரியவற்றினது 2.6, ஒப்புமை ஏறத்தாழ 0.77.

ஸாடே 1971இல் ஒப்புமை உறவுக்கு இலக்கணம் வகுத்தபோது, மூன்று பொருள்களுள் முதலாவதும் மூன்றாவதும் கொள்ளும் ஒப்புமை, இடைநின்ற இரண்டு ஒப்புமைகளுள் சிறியதற்குக் குறையலாகாது என்றார். ஒவ்வொரு துகளாகச் சர்க்கரை கூட்டிய காப்பிகளை வரிசையாக வைத்தால், அடுத்தடுத்தவை நாவுக்கு வேற்றுமையின்றித் தோன்ற, முதலதும் கடையதும் முற்றிலும் வேறாகிவிடும். ஆதலால் இந்நிபந்தனை கணிதத்துக்கு அழகேயன்றி அனுபவத்துக்கு இசைந்ததன்று.

லண்டனில் மம்தானியும் அசிலியானும் 1970களின் நடுவில் நீராவி எந்திரமொன்றை ஃபஸி விதிகளால் ஆண்டபோது, அளவீடு திட்டமான எண்ணாக வந்தமையால், அதன் அங்கத்துவ அளவே ஒப்புமையின் வேலையைச் சத்தமின்றிச் செய்தது. செய்தியும் ஃபஸி கணமாக வரும்போதுதான் எந்த அளவையைத் தேர்வது என்னும் சிக்கல் எழும். 1987இல் ஸ்விக் முதலிய மூவர் பத்தொன்பது அளவைகளை மனிதர் தீர்ப்போடு ஒத்துப்பார்த்து, கணம் முழுவதையும் கூட்டிப் பார்ப்பனவற்றைவிட அதன் ஒரு துண்டை மட்டும் நோக்குவன சிறந்தன எனக் கண்டு தாமே வியந்தனர்.

அதற்கடுத்த ஆண்டு துர்க்செனும் ஜோங்கும் ஒப்புமையை அனுமானத்தின் நடுவிலேயே அமர்த்தினர். ஒப்புமை குறித்த வாயிலெல்லையைக் கடந்தாலன்றி விதி இயங்காது. கடந்தால், முடிவுக் கணத்தின் அளவுகளை அவ்வொப்புமை எண்ணால் பெருக்கித் தாழ்த்தலாம், அல்லது வகுத்து, ஒன்றை மிஞ்சாதவாறு, விரிக்கலாம். தாழ்த்துவது உறுதி குறைந்தது என்னும், விரிப்பது ஏறக்குறைய என்னும் பொருள்படும்; எது வேண்டுமென்பது அமைப்பாளன் பொறுப்பு.

சிவப்புக்கும் பச்சைக்கும் மட்டுமே விதியிருந்து, மஞ்சள் தக்காளி வந்துவிட்டால்? எதனோடும் வெட்டிக்கொள்ளாத செய்திக்கு ஜக்கார் வழி சுழியைத்தான் தரும். 1993இல் கோட்ஸியும் ஹிரோத்தாவும் இருபுறத்து விதிகளிலிருந்தும் உள்ள தூரத்தைக்கொண்டு இடைப்பட்ட முடிவைக் கணித்தனர்.

1998இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் செட்னஸ் குழுவினர் ஜக்கார் வழி ஒப்புமை அளவையைக் களையெடுப்புக்குப் பயன்படுத்தினர். தரவிலிருந்து எந்திரம் தானே வரைந்த விதித் தொகுதிகளில் பெயரிடவும் இயலாதபடி ஒன்றன்மேலொன்று படிந்து கிடக்கும் கணங்களை இணைத்து ஒன்றாக்கினர்; எல்லாப் பொருளையும் தழுவும் முழுக் கணத்தோடு பெரிதும் ஒத்திருக்கும் நிபந்தனையோ, எதற்கும் ஆம் எனத் தலையசைப்பதாகலின், விதியிலிருந்து நீக்கப்பட்டது.