கிட் கிரீக்: ஒரு துளையும் அதைச் சுற்றிய மௌனமும்

நம் வீடுகளில் உள்ள பித்தளைக் குத்துவிளக்கு செம்பும் துத்தநாகமும் கலந்து வார்த்தது. இந்த இரண்டு உலோகங்களையும் மனிதன் உலையில் சேர்ப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இயற்கை கடலுக்கடியில் அடுத்தடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. அப்படிச் சேர்ந்த தாதுக்களை நில இயலாளர்கள் 'எரிமலைசார் திரள் சல்ஃபைடு படிவங்கள்' என்கிறார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், டிம்மின்ஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் இருக்கும் கிட் கிரீக், இவ்வகையில் உலகின் மிகப் பெரிய படிவங்களுள் ஒன்று.

கிட் கிரீக்கின் பெயர் சுரங்க நூல்களில் எவ்வளவு வருகிறதோ, சட்ட நூல்களிலும் அவ்வளவு வருகிறது. 1963-ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே போட்ட ஒரு துளை, ஒரு செய்தியை முதலில் அறிந்தவர் அதைக் கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்ற கேள்வியை எழுப்பியது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை இன்றைக்கும் பங்குச் சந்தைகளில் செல்லுபடியாகிறது.

கடலடியில் பிறந்த தாது

கிட் கிரீக் தாதுவின் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்தில் அங்கே காடு இல்லை, நிலமும் இல்லை. எரிமலைகள் குமுறும் கடல்தளமே இருந்தது. அபிட்டிபி பசும்பாறை வளையம் என்று இப்போது அழைக்கப்படும் பகுதி, அந்தக் கடலடி எரிமலைகள் விட்டுச் சென்ற மிச்சம். அது ஒண்டாரியோவிலிருந்து கியூபெக் வரை நீள்கிறது.

தாது உருவான விதம் இது. கடல்நீர் பாறை வெடிப்புகளின் வழியே கீழே இறங்குகிறது. ஆழத்தில் உள்ள பாறைக்குழம்பின் வெப்பத்தால் அது கொதிநிலையைக் கடந்து சூடாகிறது. ஆனால் மேலிருந்து அழுத்தும் கடலின் எடையால் அது ஆவியாக மாறுவதில்லை. அந்தச் சுடுநீர் பாறைகளிலிருந்து செம்பு, துத்தநாகம், இரும்பு, வெள்ளி ஆகியவற்றைக் கரைத்து எடுத்துக்கொண்டு மேலே வருகிறது. கடல்தளத்தை நெருங்கிக் குளிர்ந்த நீரைச் சந்தித்ததும், உலோகங்கள் கந்தகத்துடன் சேர்ந்து சல்ஃபைடுகளாகப் படிகின்றன. அதிக வெப்பத்தில் படியும் செம்புத் தாதுவான சால்கோபைரைட் பெரும்பாலும் நடுவிலும் அடியிலும் சேர்கிறது. சற்றுக் குறைந்த வெப்பத்தில் படியும் துத்தநாகத் தாதுவான ஸ்ஃபலரைட் விளிம்புகளிலும் மேற்புறத்திலும் சேர்கிறது. இரண்டிற்கும் நடுவே இரும்புச் சல்ஃபைடான பைரைட் எங்கும் நிறைந்திருக்கும்.

இந்த நிகழ்ச்சியை மனிதக் கண்கள் நேரில் கண்டது 1979-இல்தான். பசிபிக் கடலடியில் 'ஆல்வின்' என்னும் ஆய்வு நீர்மூழ்கி, கரும்புகை போலச் சுடுநீரைக் கக்கும் கல் புகைபோக்கிகளைக் கண்டது. கிட் கிரீக்கில் துளையிட்டவர்கள் அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே அப்படிப்பட்ட ஒரு பழங்காலப் புகைபோக்கியின் எச்சத்தைத் தொட்டுவிட்டார்கள்.

பிற்காலத்தில் நிலவோட்டின் நெருக்குதலால் கடல்தளப் பாறைகள் மடிந்து, ஏறத்தாழச் செங்குத்தாக நிமிர்ந்துவிட்டன. கிடையாகப் பரந்திருந்த தாது, சுவரில் சாய்த்து வைத்த பாய் போல நின்றுவிட்டது. இச்சுரங்கம் பக்கவாட்டில் விரியாமல் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனதற்கு இதுவே காரணம்.

மூடியிருந்த நிலம்

டிம்மின்ஸ் பகுதிக்குச் சுரங்கத் தொழில் புதியது அல்ல. 1909-இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஹாலிங்கர், டோம், மெக்கின்டயர் என்ற மூன்று பெரும் தங்கச் சுரங்கங்கள் அந்த ஊரை வளர்த்தன. தங்கம் தேடி வந்தவர்கள் அரை நூற்றாண்டுக் காலம் அந்தக் காடுகளில் அலைந்தார்கள். ஆனாலும் கிட் கிரீக் தாது யார் கண்ணிலும் படவில்லை.

காரணம், பனியுகம் அதன்மேல் போட்டு வைத்திருந்த போர்வை. பனிப்பாறைகள் உருகியபோது தேங்கிய பெரிய ஏரி ஒன்று அந்தப் பகுதியைக் களிமண்ணால் மூடிவிட்டுப் போனது. களிமண்ணின்மேல் சதுப்பு, சதுப்பின்மேல் ஸ்புரூஸ் மரக்காடு. பாறை வெளியே தலைநீட்டும் இடங்கள் மிகக் குறைவு. சுத்தியலோடு நடந்துபோய்த் தாது தேடும் பழைய முறை அங்கே பயன்படாது.

டெக்சஸ் கல்ஃப் சல்ஃபர் என்ற அமெரிக்கக் கம்பெனி 1957-இல் கனடியப் பாறைக் கேடயப் பகுதியில் தேடத் தொடங்கியது. பெயருக்கு ஏற்றாற்போல் அது கந்தகக் கம்பெனி. வானிலிருந்து மின்காந்த அளவீடு செய்வதுதான் அது கையாண்ட வழி. மின்காந்த அலைகளை நிலத்துக்குள் செலுத்தினால், மின்சாரத்தைக் கடத்தும் பொருள் அடியில் இருக்குமிடத்தில் எதிர்க்குறி கிடைக்கும். சல்ஃபைடு தாதுக்களில் பல மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் கிராஃபைட் கலந்த கரும்பாறையும் அப்படியே கடத்தும். ஆகவே இந்த முறையில் கிடைக்கும் குறிகளில் பெரும்பாலானவை ஏமாற்றத்திலேயே முடியும். கம்பெனி 15,000 சதுர மைலுக்கு மேல் பறந்து அளந்தது. கிடைத்த குறிகளுள் ஒன்றுக்குக் 'கிட் 55' என்று பெயர்.

கே-55-1

குறி கிடைத்தாலும் உடனே துளையிட முடியவில்லை. நிலம் தனியாரிடம் இருந்தது. 1963-இல் அந்தப் பகுதியின் வடகிழக்குக் கால்பங்குக்கு மட்டும் கம்பெனிக்கு உரிமை கிடைத்தது. அக்டோபர் 29, 30 தேதிகளில் புவி இயற்பியலாளர் ரிச்சர்ட் கிளேட்டன் தரையில் அளவீடு செய்து குறியை உறுதிப்படுத்தினார். நவம்பர் 8-இல் குறி மிக வலுவாக இருந்த இடத்தில் முதல் துளை தொடங்கியது. 12-ஆம் தேதி 655 அடியில் நிறுத்தப்பட்டது. அந்தத் துளையின் பெயர் கே-55-1.

வைரத் துளைக்கருவி நிலத்தை அரித்து, உள்ளிருக்கும் பாறையை நீண்ட உருளைகளாக வெளியே கொண்டு வரும். தலைமை நில இயலாளர் வால்டர் ஹோலிக் அந்த உருளைகளைக் கண்ணால் பார்த்தே கணக்கிட்டார். 599 அடி நீளத்துக்குச் சராசரி 1.15 விழுக்காடு செம்பு, 8.64 விழுக்காடு துத்தநாகம். டிசம்பர் தொடக்கத்தில் வேதிச் சோதனை முடிவு வந்தது. 602 அடிக்கு 1.18 விழுக்காடு செம்பு, 8.26 விழுக்காடு துத்தநாகம், டன்னுக்கு 3.94 அவுன்சு வெள்ளி. ஹோலிக்கின் கண் ஏறக்குறைய ஆய்வுக்கூடத்தைப் போலவே வேலை செய்திருந்தது! முதல் துளையிலேயே இப்படி ஒரு முடிவைத் தாங்கள் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்று வல்லுநர்கள் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

140 நாட்கள்

கம்பெனித் தலைவர் கிளாட் ஸ்டீபன்ஸ், இந்தச் செய்தியை யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஆணையிட்டார். கம்பெனியின் மற்ற அதிகாரிகளுக்குக்கூட அது தெரியக்கூடாது. துளை மறைக்கப்பட்டது. யாராவது வந்து பார்த்தால் ஏமாறட்டும் என்று, தாது இல்லாத இடத்தில் வேண்டுமென்றே இன்னொரு துளை போடப்பட்டது. சுற்றியுள்ள நிலத்தை வாங்கி முடிக்கும்வரை, அதாவது 1964 மார்ச் 31 வரை, துளையிடும் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. முதல் துளை முடிந்ததற்கும் வேலை மீண்டும் தொடங்கியதற்கும் நடுவே சரியாக 140 நாட்கள்.

நிலத்தை விற்றவர்களுக்கு அடியில் இருப்பது தெரியாது. இது நியாயமா என்று கேட்கலாம். சட்டம் இதைக் குற்றமாகப் பார்க்கவில்லை. செலவு செய்து தேடிக் கண்டவன், நிலம் கைக்கு வரும்வரை வாய் திறக்காமல் இருப்பது தொழில் உரிமை என்றே கருதப்பட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அதே 140 நாட்களில், செய்தி அறிந்திருந்த சிலரும் அவர்கள் வாயிலாகக் குறிப்பறிந்த சிலரும் கம்பெனியின் பங்குகளை வாங்கினார்கள். அதற்கு முன் அவர்கள் எல்லோரிடமும் சேர்த்து இருந்தவை 1,135 பங்குகள். பின்னர் இருந்தவை 8,235 பங்குகள். அவற்றோடு, குறித்த விலைக்குப் பின்னாளில் பங்கு வாங்கும் உரிமைகள் 12,300. முன்பு அப்படிப்பட்ட உரிமை ஒன்றுகூட அவர்களிடம் இல்லை.

ஏப்ரல் 1964

ஏப்ரலில் வதந்தி பரவியது. 11-ஆம் தேதி நியூயார்க் நாளிதழ்கள் பெரிய கண்டுபிடிப்பு பற்றி எழுதின. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஓர் அறிக்கை வெளியிட்டது. வதந்திகள் மிகைப்பட்டவை, உறுதியான முடிவு எதையும் சொல்ல இன்னும் துளைகள் தேவை என்பது அதன் சாரம். அந்த அறிக்கையை நம்பிப் பங்குகளை விற்றவர்கள் உண்டு. நான்கே நாட்களில், 16-ஆம் தேதி, குறைந்தது 2 கோடியே 50 இலட்சம் டன் தாது இருப்பதாக அதே கம்பெனி அறிவித்தது. முந்தைய நவம்பரில் 18 டாலர் அளவில் இருந்த பங்கு அன்று 36 டாலரைத் தொட்டது. மே நடுவில் 58 டாலர்.

நீதிமன்றத்தின் விடை

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. 1966-இல் கீழ் நீதிமன்றம், ஒரே ஒரு துளையின் முடிவை வைத்துக் கண்டுபிடிப்பு உறுதியானது என்று சொல்ல முடியாது; ஆகவே முதலில் வாங்கியவர்கள் மேல் குற்றம் இல்லை என்றது. நில இயல் நோக்கில் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஒரு துளை ஒரு சுரங்கம் ஆகாது.

1968 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அந்தத் துளை முக்கியமானதா இல்லையா என்பதை அறிய, அதைப் பற்றி அறிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தாலே போதும் என்று அது வாதிட்டது. தங்கள் சொந்தப் பணத்தை அதில் போட்டார்களே! அறிந்தவர் அதை வெளிப்படுத்த வேண்டும், அல்லது வணிகத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கம்பெனி மௌனம் காத்தது தவறல்ல. மௌனத்துக்குள் நின்றுகொண்டு சந்தையில் வாங்கியதுதான் தவறு. உட்தகவல் வணிகம் பற்றி இன்று உலகெங்கும் படிக்கப்படும் பாடத்தின் முதல் பக்கங்களில் இந்த வழக்கு இருக்கிறது.

எல்லையில் ஒரு மாயத்தாது

கிட் கிரீக் செய்தி பரவியதும் சுற்றுவட்டாரம் முழுவதும் கனிம உரிமை கோரும் கூட்டம் மொய்த்தது. அப்பகுதியில் நிலம் பிடித்தது விண்ட்ஃபால் என்ற சிறு கம்பெனி. அதை நடத்தியவர்கள் வயோலா மக்மில்லனும் அவர் கணவரும். 1964 ஜூலையில் ஒரு துளை போட்டுவிட்டு முடிவைச் சொல்லாமல் இருந்தார்கள். 60 சென்ட்டுக்கும் குறைவாக இருந்த பங்கு 5 டாலரைத் தாண்டியது. மாதக் கடைசியில் துளையில் ஒன்றுமில்லை என்று அறிவித்தபோது விலை சரிந்து, சிறு முதலீட்டாளர்கள் பலர் பணத்தை இழந்தார்கள்.

கிட் கிரீக்கில் தாது இருந்தது, சொல்லவில்லை. விண்ட்ஃபாலில் தாது இல்லை, அதையும் சொல்லவில்லை. இரண்டு மௌனங்களுக்கும் விலை கொடுத்தவன் வெளியே நின்றவன்தான். ஒண்டாரியோ அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. 1966-இல் வந்த மாகாணச் சட்டம், கம்பெனியின் உள்ளாட்கள் தங்கள் பங்கு வணிகத்தை அறிவிக்க வேண்டும் என்றது. வயோலா, வேறொரு கம்பெனியின் பங்குகளில் செய்த போலி வணிகத்துக்காக 1967-இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். 1978-இல் மன்னிப்புப் பெற்றார். 1993-இல் கனடாவின் உயரிய விருதும் அவருக்குக் கிடைத்தது.

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில்

1966-இல் திறந்தவெளிக் குழியாகத் தொடங்கிய சுரங்கம், பின்னர் நிலத்தடியில் இறங்கி ஏறத்தாழ 3 கி.மீ. ஆழத்தை எட்டியது. செம்பு, துத்தநாகச் சுரங்கங்களில் உலகிலேயே மிக ஆழமானவற்றுள் இது ஒன்று. 15 கோடி டன்னுக்கு மேல் தாது வெளியே வந்திருக்கிறது. உரிமை பல கைகள் மாறி, 2013 முதல் கிளென்கோர் கம்பெனியிடம் இருக்கிறது. ஊருக்கு அருகே இருந்த உருக்காலை 2010-இல் மூடப்பட்டது. தங்கம் தளர்ந்த காலத்தில் டிம்மின்ஸைத் தாங்கிய சுரங்கம் இப்போது தன் ஆயுளின் இறுதியில் இருக்கிறது.

அந்த ஆழத்தில் தாது தேடாதவர்களும் இறங்கினார்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பார்பரா ஷெர்வுட் லோலரும் பிற ஆய்வாளர்களும், 2.4 கி.மீ. ஆழத்தில் பாறை வெடிப்புகளிலிருந்து வழியும் உப்புநீரைச் சேகரித்தார்கள். அதில் கரைந்திருந்த அரிய வாயுக்களை அளந்து, அந்த நீர் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வெளியுலகத் தொடர்பின்றி அடைபட்டிருந்தது என்று 2013-இல் அறிவித்தார்கள். சூரிய ஒளி எட்டாத அந்த நீரில் நுண்ணுயிர்கள் வாழும் தடயங்களும் பின்னர் கிடைத்தன. வேறு கோள்களின் நிலத்தடியில் உயிர் இருக்கக்கூடுமா என்று கேட்பவர்களுக்கு இது ஒரு முக்கியமான சான்று.

இந்தச் செய்தியை அவர்கள் அறிவியல் இதழில் எழுதி எல்லோருக்கும் சொன்னார்கள். அதே பாறையிலிருந்து முதலில் வந்த செய்தியை ஒரு சிலர் 140 நாட்களுக்கும் மேலாகப் பொத்தி வைத்திருந்தார்கள். டொராண்டோவிலிருந்து வடக்கே காரில் ஒரு பகல் முழுவதும் ஓட்டினால் டிம்மின்ஸ் வந்துவிடும். அங்கே போகிறவர்கள் பார்க்கப்போவது காடும் சதுப்பும் ஒரு பெரிய குழியும்தான். தாது தீர்ந்துவிடும். அந்தக் குழியிலிருந்து கிடைத்த விதி தீராது.